எந்தத் தெருவில் பிறந்தது அந்தக் குழந்தை: இங்கிலாந்தின் குழந்தை நலத் தலையீடுகளில் தெரியும் ஏற்றத்தாழ்வு

2024 மார்ச் 31 அன்று இங்கிலாந்தில் 83,630 குழந்தைகள் உள்ளாட்சி மன்றங்களின் பராமரிப்பில் இருந்தார்கள். 2010-இல் இந்த எண்ணிக்கை 64 ஆயிரத்தைச் சற்றே தாண்டியிருந்தது. இந்தக் கணக்கு செய்தியில் வரும்போதெல்லாம் இரண்டு விளக்கங்கள் உடனே எழுகின்றன. பெற்றோர் பொறுப்பற்றவர்களாகிவிட்டார்கள் என்பது ஒன்று. சமூகப் பணியாளர்கள் காரணமில்லாமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்பது மற்றொன்று. இரண்டுமே தனிமனிதர்களின் நடத்தையைப் பற்றிய விளக்கங்கள். கடந்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் பிரிட்டனில் வளர்ந்துள்ள ஒரு ஆய்வுத்துறை இவற்றுக்கு முன்னால் கேட்கப்பட வேண்டிய வேறொரு கேள்வியைக் கேட்டது: இந்தக் குழந்தைகள் எந்தெந்தத் தெருக்களிலிருந்து வருகிறார்கள்?

அதற்குக் கிடைத்த விடை தெளிவானது. அதைப் புரிந்துகொள்ளச் சில சட்டச் சொற்களை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

தலையீட்டின் மூன்று படிகள்

இங்கிலாந்தில் அரசு ஒரு குடும்பத்துக்குள் நுழைவதற்கான சட்ட அடிப்படை 1989-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம். நடைமுறையில் மூன்று படிகள் உள்ளன.

1. உதவி தேவைப்படும் குழந்தை. சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, உதவி இல்லாவிட்டால் உடல்நலமோ வளர்ச்சியோ பாதிக்கப்படக்கூடிய குழந்தைக்கும் அதன் குடும்பத்துக்கும் உள்ளாட்சி மன்றம் சேவை வழங்க வேண்டும். இது பெற்றோரின் சம்மதத்தோடு நடப்பது. அவசரத்துக்குச் சிறு பணஉதவி தரவும் இப்பிரிவில் இடமுண்டு.

2. பாதுகாப்பு விசாரணை. குழந்தைக்குக் கணிசமான தீங்கு நேர்கிறது, அல்லது நேரக்கூடும் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் 47-ஆம் பிரிவின்படி விசாரிப்பது கட்டாயம். அச்சம் உறுதிப்பட்டால், விசாரணை தொடங்க முடிவெடுத்த 15 வேலை நாட்களுக்குள் ஆசிரியர், சுகாதாரப் பணியாளர், காவல்துறையினர், பெற்றோர் ஆகியோர் கூடும் ஒரு கூட்டம் நடக்கிறது. தேவைப்பட்டால் குழந்தை 'பாதுகாப்புத் திட்டத்தின்' கீழ் கொண்டுவரப்படுகிறது. இந்தக் கட்டத்தில் பெரும்பாலான குழந்தைகள் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

3. பராமரிப்பு. பெற்றோரின் இசைவோடு 20-ஆம் பிரிவின் கீழோ, நீதிமன்ற ஆணையோடு 31-ஆம் பிரிவின் கீழோ குழந்தை உள்ளாட்சி மன்றத்தின் பராமரிப்புக்குள் வருகிறது. வளர்ப்புக் குடும்பம், உறவினர் வீடு, குழந்தைகள் இல்லம் ஆகியவற்றுள் ஒன்றில் தங்கவைக்கப்படுகிறது. நீதிமன்ற வழக்கு 26 வாரத்துக்குள் முடிய வேண்டும் என்பது 2014 முதல் சட்டவிதி.

மேலே சொன்ன 83,630 பேரில் 7,380 பேர் பெற்றோர் துணையின்றித் தஞ்சம் கோரி வந்த சிறுவர், சிறுமியர். அவர்களின் கதை வேறு. ஆனால் அவர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் 2010-ஐவிட எண்ணிக்கை கூடியே இருக்கிறது.

அஞ்சல் குறியீட்டிலிருந்து தொடங்கிய ஆய்வு

நலவாழ்வுத் துறையில் வருமானத்துக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பை ஆராய்வது பல பத்தாண்டுப் பழக்கம். ஒரு நகரின் வசதியான பகுதியிலும் வசதியற்ற பகுதியிலும் மனிதர்கள் எத்தனை வயதில் இறக்கிறார்கள் என்பதை அரசே அளந்து வெளியிடுகிறது. குழந்தை நலத் துறையில் அப்படி ஒரு பழக்கம் இருக்கவில்லை. கோவென்ட்ரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் பைவாட்டர்ஸும் அவரோடு இணைந்த ஆய்வாளர்களும் அந்த இடைவெளியை நிரப்பினார்கள். முதலில் இங்கிலாந்தின் மத்தியப் பகுதிகளில் ஒரு முன்னோட்ட ஆய்வு நடந்தது. பின்னர் நஃபீல்டு அறக்கட்டளையின் நிதியுதவியோடு இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய நான்கு நாடுகளையும் ஒப்பிடும் 'குழந்தை நல ஏற்றத்தாழ்வு ஆய்வுத் திட்டம்' உருவானது.

முறை எளிமையானது. பாதுகாப்புத் திட்டத்திலோ பராமரிப்பிலோ இருக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அதன் சொந்த வீட்டு அஞ்சல் குறியீட்டை எடுக்க வேண்டும். பராமரிப்பில் இருக்கும் குழந்தையானால், இப்போது தங்கியிருக்கும் இடத்தின் குறியீடு உதவாது, பராமரிப்புக்குள் வருவதற்கு முன் வாழ்ந்த வீட்டின் குறியீடு வேண்டும். அந்தக் குறியீடு ஏறத்தாழ 1,500 பேர் வாழும் ஒரு சிறு வட்டாரத்தைக் காட்டும். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் வருமானம், வேலை, கல்வி, வீட்டுவசதி, உடல்நலம் போன்றவற்றைச் சேர்த்துக் கணக்கிட்ட வசதியின்மைக் குறியெண்ணை அரசு ஏற்கெனவே வெளியிட்டிருக்கிறது. எல்லா வட்டாரங்களையும் வரிசைப்படுத்திப் பத்துச் சம பிரிவுகளாக்கினால், ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை குழந்தைகளுக்கு ஒருவர் என்ற விகிதம் கிடைத்துவிடும்.

மத்தியப் பகுதி ஆய்வில், மிக வசதியற்ற பத்தில் ஒரு பங்கு வட்டாரங்களில் வாழும் குழந்தைக்கு, மிக வசதியான பத்தில் ஒரு பங்கு வட்டாரங்களில் வாழும் குழந்தையைவிடப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் வர 11 மடங்கும், பராமரிப்புக்குள் போக 12 மடங்கும் அதிக வாய்ப்பு இருந்தது. நான்கு நாடுகளையும் சேர்த்த பெரிய ஆய்வும் பத்து மடங்குக்கு மேற்பட்ட இடைவெளியையே காட்டியது.

இந்த மடங்குக் கணக்குதான் தலைப்புச் செய்தியானது. அதைவிட முக்கியமானது இரண்டு முனைகளுக்கும் நடுவே கோடு எப்படிப் போகிறது என்பது. மிக ஏழையான வட்டாரங்களில் மட்டும் விகிதம் செங்குத்தாக உயர்ந்து, மற்ற இடங்களில் எல்லாம் சமமாக இருந்திருந்தால், 'சில மோசமான குடியிருப்புகளின் பிரச்சினை' என்று ஒதுக்கிவிட முடியும். அப்படி இல்லை. வசதி ஒரு படி குறைய, தலையீடு ஒரு படி கூடுகிறது. நடுத்தர வட்டாரத்துக் குழந்தைக்கும் அதைவிடச் சற்று வசதியான வட்டாரத்துக் குழந்தைக்கும் இடையிலேகூட வேறுபாடு உண்டு. நலவாழ்வு ஆய்வாளர்கள் 'சமூகச் சரிவு' என்று சொல்வது இதைத்தான்: ஏணியின் எந்தப் படியில் நிற்கிறோம் என்பது, கடைசிப் படியில் நிற்பவருக்கு மட்டுமல்லாமல் எல்லோருக்கும் பொருட்டாகிறது.

இங்கே ஒரு தவறான வாசிப்பைத் தடுத்தாக வேண்டும். ஏழைப் பெற்றோர் பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. மிக வசதியற்ற வட்டாரங்களிலும் மிகப் பெரும்பாலான குழந்தைகள் எந்தத் தலையீடும் இல்லாமல் சொந்த வீட்டில், அன்போடு வளர்கிறார்கள். வசதியான வீடுகளிலும் கொடுமை நடக்கிறது. ஆய்வு அளப்பது, வறுமை ஒரு குடும்பத்தின் மீது ஏற்றும் சுமையும் அதன் மீது விழும் அரசின் பார்வையும் சேர்ந்து உருவாக்கும் வேறுபாட்டை.

தலைகீழ்த் தலையீட்டு விதி

இதுவரை சொன்னது எதிர்பார்க்கக்கூடியது என்று ஒருவர் வாதிடலாம். அடுத்த கண்டுபிடிப்பு அப்படிப்பட்டதல்ல.

ஒரே அளவு வசதியற்ற இரண்டு வட்டாரங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, எங்கு பார்த்தாலும் வறுமை தெரியும் ஒரு தொழில் நகர மன்றத்தின் எல்லைக்குள் இருக்கிறது. மற்றொன்று, பெரும்பாலும் வசதியான ஒரு மன்றத்தின் எல்லைக்குள் ஒரு மூலையில் இருக்கிறது. இரண்டு வட்டாரங்களின் குழந்தைகளும் ஒரே நிலையில் வாழ்கிறார்கள். ஆனால் வசதியான மன்றத்தின் எல்லைக்குள் வாழும் ஏழைக் குழந்தை பாதுகாப்புத் திட்டத்துக்கோ பராமரிப்புக்கோ உள்ளாகும் வாய்ப்புதான் அதிகம். வேல்ஸில் பணியாற்றிய குடும்ப மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட், நல்ல மருத்துவம் அதிகம் தேவைப்படும் இடத்தில்தான் குறைவாகக் கிடைக்கிறது என்பதை 1971-இல் 'தலைகீழ்ப் பராமரிப்பு விதி' என்று எழுதினார். அதை ஒட்டியே இதற்கும் 'தலைகீழ்த் தலையீட்டு விதி' என்று பெயர் வந்தது.

காரணம் என்ன? பணம் ஒரு பகுதி. ஏழைக் குழந்தைகள் மிக அதிகமாக இருக்கும் மன்றத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் செலவிடக் கிடைக்கும் தொகை குறைகிறது. எனவே எந்தக் கட்டத்தில் தலையிடுவது என்ற எல்லைக்கோடு சத்தமில்லாமல் மேலே நகர்கிறது. ஒப்பீடு இன்னொரு பகுதி. சுற்றியுள்ள வீடுகளெல்லாம் வசதியாக இருக்கும் இடத்தில் ஒரு ஏழைக் குடும்பத்தின் நிலை பளிச்சென்று கண்ணில் படுகிறது. 2020-இல் கேலம் வெப்பும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு இந்த இரண்டாவது காரணத்துக்கு வலுச் சேர்த்தது: வருமான ஏற்றத்தாழ்வு அதிகமுள்ள மன்றங்களில்தான் இந்தத் தலைகீழ் விதி தெரிந்தது, ஏற்றத்தாழ்வு குறைந்த மன்றங்களில் அது காணப்படவில்லை. அதாவது ஒரு குழந்தையின் கதி அதன் வீட்டு வறுமையோடு, பக்கத்துத் தெருவின் செல்வத்தையும் பொறுத்திருக்கிறது.

எந்த மன்றம் செய்வது சரி என்பதை இந்த எண்கள் சொல்லாது. அதிகம் தலையிடும் மன்றம் தேவையின்றிக் குடும்பங்களைப் பிரிக்கலாம். குறைவாகத் தலையிடும் மன்றம் காப்பாற்றப்பட வேண்டிய குழந்தையைக் கைவிட்டிருக்கலாம். ஒரே தேவைக்கு இரண்டு விதமான பதில் கிடைக்கிறது என்பதே அநீதி, எது தவறு என்று தெரிவதற்கு முன்பே.

வறுமை ஒரு வீட்டுக்குள் என்ன செய்கிறது

பாதுகாப்புத் திட்டங்களுக்கு இங்கிலாந்தில் பதிவாகும் காரணங்களில் முதலிடம் பிடிப்பது 'புறக்கணிப்பு'. அடிப்படைத் தேவைகளைத் தொடர்ந்து நிறைவேற்றத் தவறுவது என்பது அதன் பொருள். நிறைவேற்றத் தவறியது மனமில்லாமலா, கையில் இல்லாமலா என்று பிரித்துப் பார்ப்பது எழுதும்போது எளிது. வீட்டு வாசலில் நின்று பார்க்கும்போது எளிதல்ல.

எடுத்துக்காட்டாக ஒரு வாடகை வீட்டை நினைத்துக்கொள்வோம். எரிவாயுவும் மின்சாரமும் முன்பணம் கட்டினால் மட்டுமே ஓடும் மீட்டர்களில் வருகின்றன. சனிக்கிழமை பணம் தீர்ந்துபோகிறது. கொதிகலன் நிற்கிறது. பயன்படுத்தாவிட்டாலும் கட்ட வேண்டிய நிலைக்கட்டணம் மட்டும் நாள்தோறும் ஏறிக்கொண்டிருக்கிறது. ஆகவே திங்கட்கிழமை தாய் மூலைக்கடையில் 10 பவுண்டு கட்டும்போது, அதில் ஒரு பகுதி பழைய பாக்கிக்கே போய்விடுகிறது. துவைத்த துணி அறைக்குள் காயாமல் கிடந்து ஈரவாடை அடிக்கிறது. சுவரில் பூஞ்சை படர்கிறது, குழந்தைக்கு இருமல். மழலையர் பள்ளியில் 'துணியில் நாற்றம், அடிக்கடி வராமை, சோர்வு' என்று மூன்று குறிப்புகள் ஏறுகின்றன. சில வாரங்களில் அந்தக் குறிப்புகள் ஒரு கோப்பாகின்றன. கோப்பில் மீட்டர் இல்லை.

ஆய்வுகள் காட்டும் வழிகளை இப்படித் தொகுக்கலாம்.

1. நேர்வழி: உணவு, வெப்பம், இடம், மருத்துவமனைக்குப் போகும் பேருந்துக் கட்டணம் ஆகியவற்றுக்குப் பணம் இல்லாமை.

2. மறைமுக வழி: கடனும் நிலையற்ற வேலையும் பெற்றோரின் மனநலத்தையும் அவர்களுக்கிடையிலான உறவையும் சிதைத்தல். மனச்சோர்வு, குடி, குடும்ப வன்முறை ஆகியவை வறுமைக்கு வெளியே நிற்கும் தனிக் காரணங்கள்போலக் கோப்புகளில் எழுதப்படுகின்றன. பல குடும்பங்களில் அவை வறுமையோடு பின்னிக் கிடக்கின்றன.

3. தாங்கும் சக்தியின் வேறுபாடு: அதே மனச்சோர்வு வசதியான வீட்டில் வந்தால் தனியார் சிகிச்சை, குழந்தை பார்த்துக்கொள்பவர், சில நாள் தாத்தா வீடு என்று சமாளிக்கப்படுகிறது. பணம் இங்கே மெத்தைபோல வேலை செய்கிறது.

4. பார்வையின் வேறுபாடு: உதவித்தொகை அலுவலகம், சமூக வீட்டுவசதி, காவல்துறை என்று அரசின் கண்கள் ஏழை வீட்டின் மீது கூடுதலாகப் படுகின்றன.

தொடர்பு இருப்பது சரி, வறுமைதான் காரணம் என்று எப்படிச் சொல்வது என்பது நியாயமான கேள்வி. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நடந்த ஒரு சோதனை இதற்கு நல்ல சான்று. உதவித்தொகை பெற்ற தாய்மார்கள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்குப் பிரிந்து வாழும் தந்தையர் பிள்ளைக்காகக் கட்டிய தொகை முழுதும் கிடைத்தது. மற்றொரு பிரிவுக்கு அரசு பிடித்தது போக மீதி. முழுத்தொகை பெற்ற குடும்பங்கள் மீது விசாரணைக்கு எடுக்கப்பட்ட குழந்தைக் கொடுமைப் புகார்கள் குறைவாக இருந்தன. தாய்மார்களின் குணத்தை யாரும் மாற்றவில்லை. கைக்கு வந்த பணம் மட்டுமே வேறுபட்டது.

இங்கிலாந்தைப் பற்றி 2022-இல் 'லான்செட்' மருத்துவ இதழின் பொதுச் சுகாதாரப் பதிப்பில் வந்த ஆய்வு 2015 முதல் 2020 வரையான மாற்றங்களை மன்றவாரியாகப் பார்த்தது. குழந்தை வறுமை ஒரு சதவீதப் புள்ளி கூடியபோது, ஒரு லட்சம் குழந்தைகளுக்குக் கூடுதலாக 5 பேர் பராமரிப்புக்குள் சென்றார்கள். அந்த ஆண்டுகளில் 10,351 குழந்தைகள் பராமரிப்புக்குள் வந்ததற்கும் வறுமையின் உயர்வுக்கும் தொடர்பு உண்டு என்று அது மதிப்பிட்டது. ஒரு சிற்றூரே நிறையும் எண்ணிக்கை அது.

கண்முன் இருந்தும் பதிவாகாதது

எண்களோடு நிற்காமல், ஆய்வுத் திட்டத்தினர் சமூகப் பணியாளர்களின் அலுவலகங்களிலும் உட்கார்ந்து பார்த்தார்கள். கேட் மோரிஸும் சக ஆய்வாளர்களும் 2018-இல் எழுதியபடி, அங்கே வறுமை சுவரை மூடும் ஓவியத்தாள்போல இருந்தது: மாற்ற முடியாத அளவுக்குப் பெரியது, கவனிக்க முடியாத அளவுக்குப் பழகிப்போனது. பணியாளர்களை இதற்காகக் குறை சொல்வது சரியல்ல. மன்றத்தின் சமூகப் பணியாளரால் வாடகையைக் குறைக்க முடியாது, உதவித்தொகையைக் கூட்ட முடியாது. வறுமையைக் காரணமாகச் சொன்னால் ஏழைகளை இழிவுபடுத்துவதாகிவிடும் என்று தயங்கியவர்களும் உண்டு. தயக்கம் நல்லெண்ணத்திலிருந்து வந்தாலும் விளைவு ஒன்றுதான். தன்னால் மாற்ற முடியாததை விட்டுவிட்டு, மாற்றச் சொல்ல முடிந்ததை, அதாவது பெற்றோரின் நடத்தையை, மதிப்பீடு பிடித்துக்கொள்கிறது.

இதன் உச்சத்தைப் பதிவேட்டில் பார்க்கலாம். இங்கிலாந்து அரசு ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரே ஒரு முதன்மைத் தேவையைப் பதியச் சொல்கிறது. கொடுமை அல்லது புறக்கணிப்பு, ஊனம், பெற்றோரின் நோய், குடும்ப நெருக்கடி என்று நீளும் அந்தப் பட்டியலில் ஏழாவதாகக் 'குறைந்த வருமானம்' என்றே ஒரு குறியீடு இருக்கிறது. அது பதிவாவது அரிதிலும் அரிது. ஒரு காரணத்தை மட்டுமே எழுத முடியும் என்றால், புறக்கணிப்பு என்று எழுதிய இடத்தில் வருமானத்துக்கு இடமில்லை. பெற்றோரின் வேலை, வருமானம், கடன் பற்றிய முறையான தேசியத் தரவும் திரட்டப்படுவதில்லை. அதனால்தான் ஆய்வாளர்கள் அஞ்சல் குறியீட்டைப் பிடித்துக்கொண்டு தெருவிலிருந்து வீட்டை ஊகிக்க வேண்டியிருந்தது.

இனம்: ஒற்றை விடை இல்லாத பகுதி

மொத்தமாகப் பார்த்தால் கறுப்பினக் குழந்தைகளும் கலப்பினக் குழந்தைகளும் மக்கள்தொகைப் பங்கைவிட அதிகமாகவும், ஆசியக் குழந்தைகள் குறைவாகவும் பராமரிப்பில் இருக்கிறார்கள். வட்டார வறுமையையும் சேர்த்துப் பார்க்கும்போது படம் மாறுகிறது. வெள்ளைப் பிரிட்டிஷ் குழந்தைகளிடம் சமூகச் சரிவு மிகச் செங்குத்தாக இருக்கிறது. ஆசியக் குழந்தைகளிடமும் கறுப்பு ஆப்பிரிக்கக் குழந்தைகளிடமும் அது மிகவும் தட்டையாக இருக்கிறது. குடும்ப அமைப்பும் சமூக உறவுகளும் காக்கின்றனவா, அல்லது உதவி தேவைப்படும் குழந்தைகள் கண்ணில் படாமலே போகிறார்களா என்பது இன்னும் முடியாத விவாதம். எண் குறைவாக இருப்பதை நல்ல செய்தியாக மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நான் நினைக்கிறேன். 'ஆசியர்' என்ற ஒரு பெயருக்குள் எத்தனையோ மக்கள் அடங்கியிருக்கிறார்கள். இலங்கைத் தமிழருக்கென்று கணக்கெடுப்புப் படிவத்தில் தனிக் கட்டம் இல்லை, பெரும்பாலும் 'பிற ஆசியர்' என்ற கட்டத்துக்குள் கரைந்துவிடுகிறார்கள். கரைந்துபோன எண்ணிலிருந்து அந்தக் குழந்தைகளின் நிலையைப் படிக்க வழியில்லை.

பிந்திய செலவும் அதன் விளைவும்

2010-க்குப் பின் வந்த சிக்கன ஆண்டுகளில் உள்ளாட்சி மன்றங்களின் வரவு சுருங்கியது. அதிகம் சுருங்கியது ஏழை மன்றங்களில். சட்டம் கட்டாயப்படுத்தும் விசாரணையையும் பராமரிப்பையும் வெட்ட முடியாது. ஆகவே கட்டாயமல்லாத முன்னுதவி வெட்டப்பட்டது: குழந்தைகள் மையங்கள், இளைஞர் சேவைகள், குடும்ப ஆதரவுப் பணிகள். முன்னுதவி போனதும் பின்செலவு ஏறியது, ஏறிய பின்செலவு மீதமிருந்த முன்னுதவியையும் தின்றது.

பின்செலவு எங்கே போகிறது என்பதும் முக்கியம். பிரிட்டனின் வணிகப் போட்டி ஒழுங்காணையம் 2022-இல் ஆராய்ந்தபோது, இங்கிலாந்தில் குழந்தைகள் இல்லங்களின் பெரும்பகுதி தனியார் கையில் இருந்தது. பெரிய நிறுவனங்களின் செயல்பாட்டு லாபம் அந்த இல்லங்களில் சராசரியாக 22.6 சதவீதம். இல்லங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று வடமேற்கில் இருக்கிறது. வீட்டு விலை குறைந்த இடத்தில் இல்லம் தொடங்குவது வணிகக் கணக்குக்குப் பொருந்தும். தெற்கில் பிறந்த குழந்தை பள்ளியையும் உடன்பிறந்தவர்களையும் விட்டுப் பலநூறு கிலோமீட்டர் தாண்டிப் போய்ச் சேர்கிறது.

குழந்தையைப் பிரிந்த தாய்க்கு என்ன நேர்கிறது என்பதையும் ஆய்வு தொட்டிருக்கிறது. கேரன் பிராட்ஹர்ஸ்ட்டின் குழு நீதிமன்றப் பதிவுகளைத் தொடர்ந்தபோது, பராமரிப்பு வழக்கைச் சந்தித்த தாய்மாரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் ஏழு ஆண்டுகளுக்குள் இன்னொரு குழந்தைக்காக மீண்டும் நீதிமன்றத்தில் நிற்க நேர்வது தெரிந்தது. முதல் வழக்கு முடிந்ததும் குழந்தைக்குச் சமூகப் பணியாளர் தொடர்கிறார். தாய்க்குப் பெரும்பாலும் யாரும் தொடர்வதில்லை.

இப்படித்தான் இருக்க வேண்டுமா?

வட அயர்லாந்தின் அனுபவம் வேறு சாத்தியத்தைக் காட்டியது. ஆய்வு நடந்த காலத்தில் அங்கே வசதியின்மை அதிகமாக இருந்தும், அந்த அளவுக்கு எதிர்பார்க்கக்கூடியதைவிடப் பராமரிப்பு விகிதம் குறைவாக இருந்தது. சமூகச் சரிவும் மற்ற மூன்று நாடுகளைவிடச் சாய்வு குறைந்திருந்தது. அங்கும் பின்னர் எண்ணிக்கை கூடியிருக்கிறது என்றாலும், வறுமைக்கும் குழந்தைகள் குடும்பத்தைப் பிரிவதற்கும் இடையிலான உறவு எல்லா இடத்திலும் ஒரே விறைப்போடு இருப்பதில்லை என்பதற்கு அந்தத் தரவு சான்றாக நிற்கிறது. ஸ்காட்லாந்து 2021 முதல் ஏழைக் குடும்பங்களின் குழந்தைகளுக்குத் தனித் தொகை வழங்கிவருகிறது.

இங்கிலாந்தில் 2022-இல் ஜோஷ் மெக்காலிஸ்டர் தலைமையில் நடந்த குழந்தை நலச் சேவைகள் பற்றிய மீளாய்வு, நெருக்கடிக்குப் பின் ஓடுவதை விட்டுக் குடும்பங்களுக்கு முன்னதாக உதவ வேண்டும் என்று சொன்னது. அதைவிட நேரடியான மாற்றம் குழந்தை நல அலுவலகங்களுக்கு வெளியே நடந்திருக்கிறது. 2017 ஏப்ரலுக்குப் பின் பிறந்த மூன்றாவது குழந்தை முதல் உதவித்தொகையின் குழந்தைப் பங்கை மறுத்த 'இரு குழந்தை வரம்பு' 2026 ஏப்ரல் முதல் நீக்கப்படும் என்று 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. விஸ்கான்சினில் குலுக்கலில் நடந்ததை இது ஒரு நாடு முழுவதற்கும் செய்கிறது: பெற்றோரின் குணத்தைத் தொடாமல் கையிலிருக்கும் பணத்தை மாற்றுகிறது. மூன்று, நான்கு பிள்ளைகள் உள்ள வீடுகளிலிருந்து பராமரிப்புக்குப் போகும் குழந்தைகள் குறைகிறார்களா என்று அடுத்த சில ஆண்டுகளில் பார்க்கலாம். பார்ப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: வீட்டில் எத்தனை பிள்ளைகள், வருமானம் என்ன, கடன் எவ்வளவு என்ற மூன்று விவரங்கள் மதிப்பீட்டுப் படிவத்தில் ஏறி, தேசியக் கணக்கெடுப்புக்குள் வர வேண்டும். அவற்றைக் கேட்கும் கட்டங்கள் இல்லாதவரை, மாற்றம் நடந்தாலும் அதை ஆய்வாளர்கள் மறுபடியும் அஞ்சல் குறியீட்டிலிருந்துதான் ஊகித்தாக வேண்டும்.